யாரும் சுற்றாத காயில்

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டால் லேசில் அடங்காது. பள்ளிக்கூடத்தில் இதற்காகப் பெஞ்சு மேல் நின்றிருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறேன். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, மிஷின் வெடிக்கிறதா இல்லையா என்று பார்க்கிற வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் யுபிஎஸ் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே சோதனைப் பிரிவுக்குத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றேன். கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்துக் கொடுத்துக் கம்ப்யூட்டரை அணையாமல் காப்பாற்றுகிற பெட்டிதான் யுபிஎஸ். இன்றைக்கு அதை மேஜைக்கு அடியில் காலால் தள்ளி வைக்கிறோம். எண்பதுகளின் கடைசியில் அது ஆள் உயரம் இருக்கும், நகர்த்த நாலு பேர் வேண்டும்.

என்னிடம் வேலை பார்த்த கீதா இப்போது பெரிய கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். போன வாரம் போன் பண்ணினாள். "மேடம், இப்பல்லாம் சர்க்யூட்டை முதல்ல கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பார்த்துடறோம். எது எங்க ஆடும்னு அதுவே சொல்லிடுது. நான் சேர்ந்ததிலேருந்து ஒண்ணுகூட வெடிக்கல," என்றாள். எனக்கு அவளை நினைத்துப் பாவமாக இருந்தது. ஒன்றுகூட வெடிக்காத வேலையில் எப்படியம்மா பொழுது போகிறது என்று கேட்டேன். அந்த ஆட்டத்தை உங்கள் காலத்தில் எப்படித்தான் அடக்கினீர்கள், எழுதுங்களேன் என்றாள். அவள் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் படிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கள்ளிக்குப்பத்திலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறிப் போய்ப் பெண்கள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தேன். அப்புறம் கொஞ்ச காலம் டிவி பெட்டிகளுக்குச் சோல்டரிங். எங்கள் வீட்டில் தாத்தா காலம் வரை அத்தனை பேரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். அப்பா, அதாவது எங்கள் நைனா, இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் வேலை பார்த்தார். நாற்காலி போட்டுக் கொடுத்த வேலை முதன்முதலில் எனக்குத்தான் கிடைத்தது, அதிலும் பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

யுபிஎஸ் கம்பெனியில் நான் சேர்ந்தபோது டெம்ப்ரவரி. அந்த நேரம் பார்த்து வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு வரன் வந்தது. போட்டோவில் மாப்பிள்ளை நன்றாகத்தான் இருந்தார், அதில் எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவதைப் பற்றித்தான் பேச்சு வந்தது.

"பர்மனென்ட்டுன்னா அவங்க ஊட்ல பேசறதுக்கு எனக்கு வாய் கீது விஜி," என்றார் நைனா. "டெம்ப்ரவரின்னா நான் இன்னான்னு சொல்லுவேன்? நாளிக்கே நின்னுப்புடற வேலைக்கு மருமவ எதுக்கு பஸ் ஏறணும்னு கேப்பாங்க. அவங்க கேக்கறதும் நாயந்தானே."

"பர்மனென்ட் ஆயிட்டா?"

"ஆயிட்டா நான் பேசிக்கிறேன். ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

மறுநாள் முதலாளியைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒளிவு மறைவு இல்லாத மனுஷர். ஒரு வங்கி தன் கிளைகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறது, அதற்கு யுபிஎஸ் கேட்டிருக்கிறது, நாம் ஒரு சாம்பிள் செய்து காட்ட வேண்டும் என்றார். சாம்பிள் பாஸானால் ஆர்டர் வரும், ஆர்டர் வந்தால் சோதனைப் பிரிவு என்று ஒன்று இருக்கும், அதில் நீ பர்மனென்ட். பாஸாகாவிட்டால் பழையபடி பேட்டரி சார்ஜர் செய்யப் போய்விடுவோம், சார்ஜரைச் சோதிக்க ஒரு பல்பு போதும், நீ வேண்டாம். துளிகூடக் கோபமில்லாமல் சொன்னார். என் ஆயுசு உத்தியோகம் அந்த ஒரு மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டது.

மிஷினை வடிவமைத்தவர் ரங்கநாதன் சார். எனக்கு நேர் மேலதிகாரி. அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் ஒரே சொல், "அப்படியா". நாம் சொல்வது சரியாக இருந்தால் குட்டையாக ஒரு அப்படியா. தப்பாக இருந்தால் அதே சொல் கொஞ்சம் நீளும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்படியா என்றால் அன்றைக்கு டீ இறங்காது. சேர்ந்த புதிதில் அந்த மூன்றையும் தரம் பிரிக்கத்தான் நான் முதலில் கற்றுக்கொண்டேன், சர்க்யூட் எல்லாம் அப்புறம்தான்.

சோதனை அறைக்கு அவர் வைத்த சட்டங்கள் மூன்று. செருப்பை வெளியே விட வேண்டும், ஏனென்றால் உள்ளே சி.ஆர்.ஓ இருக்கிறது. மின் அலையைப் பச்சைக் கோடாகத் திரையில் வரைந்து காட்டுகிற பெட்டி அது, கம்பெனிக்கே அது ஒன்றுதான். தூசி கூடாது என்பதுதான் காரணம், ஆனால் பார்ப்பவர்களுக்குச் சந்நிதிக்குப் போவது போலத்தான் இருக்கும். இரண்டாவது, கரண்ட் ஓடுகிற மிஷினில் ஒரு கையால்தான் அளக்க வேண்டும், இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு கையும் பட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும். நான் புடவை கட்டிக்கொண்டு போகிறவள், பாக்கெட்டுக்கு எங்கே போவேன்? சார் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "இடுப்பில் வெச்சுக்கம்மா," என்றார். அதிலிருந்து ஆயுசு முழுக்க இடுப்பில் கை வைத்துக்கொண்டே அளந்தேன். புதிதாகப் பார்க்கிறவர்கள் நான் மிஷினோடு குழாயடிச் சண்டைக்கு நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, புது மிஷினை முதல் தடவை முழு வோல்டேஜில் போடும்போது எல்லாரும் இரும்பு பீரோவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஸ்விட்சுக்கு நீள வயர் போட்டு அதையும் பீரோ பக்கம் கொண்டுவந்து வைத்திருந்தார். முதலாளியே வந்தாலும் பீரோவுக்குப் பின்னால்தான். வெடித்தால் டிரான்சிஸ்டரின் மூடி தெறிக்கும், ஒரு தடவை அது கூரையில் போய்ச் சொருகிக்கொண்டது.

ஏன் வெடிக்கிறது என்று சொல்ல வேண்டும். யுபிஎஸ்ஸுக்குள் டிரான்சிஸ்டர்கள் கரண்டை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகின்றன. வெட்டும் ஒவ்வொரு தடவையும் திரையில் அலை காம்பவுண்டு சுவர் மாதிரி நேராக ஏறி, சமமாக ஓட வேண்டும். அப்படி ஓடாது. சுவரின் முனையில் ஒரு கூர் முளைத்துத் திடீரென்று உயரப் போகும், அப்புறம் மேலும் கீழுமாக ஆடி ஆடி அடங்கும். எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் ஙொய்யென்று அதிர்கிறதே, அதேதான். நாங்கள் அதை ரிங்கிங் என்போம். அந்தக் கூர் டிரான்சிஸ்டர் தாங்குகிற அளவைத் தாண்டினால் படார்.

அதிர்கிற தட்டின் மேல் கையை வைத்தால் நின்றுவிடும். அந்தக் கைதான் ஸ்னப்பர். கரண்டைப் பிடித்து வைக்கிற ஒரு கெபாசிட்டரும் அதைத் தடுக்கிற ஒரு ரெசிஸ்டரும் தொடராக, டிரான்சிஸ்டருக்குக் குறுக்கே. கெபாசிட்டர் மட்டும் போட்டால் ஆட்டம் நிதானமாகும், நிற்காது. ரெசிஸ்டர் சேர்ந்தால்தான் ஆடுகிற சக்தி சூடாக மாறிக் காற்றில் போகும். ஆனால் எவ்வளவு கெபாசிட்டர், எவ்வளவு ரெசிஸ்டர்? குத்துமதிப்பாகப் போட்டால் ரெசிஸ்டர் கருகும், இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் போகும்.

சார் சொல்லித்தந்த முறை இது. மிஷினைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டிக்கொண்டு, முதலில் ஆட்டம் எவ்வளவு வேகம் என்று திரையில் அள. பிறகு டிரான்சிஸ்டருக்குக் குறுக்கே ஒரு குட்டிக் கெபாசிட்டர் வை, போதாவிட்டால் கொஞ்சம் பெரியது வை. ஆட்டம் சரியாகப் பாதி வேகத்துக்கு இறங்கும்வரை மாற்றிக்கொண்டே போ. இறங்கிவிட்டதா? நீ வைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் சர்க்யூட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிற கெபாசிட்டர். அது தெரிந்தால், அதோடு கைகோத்து ஆடுகிற கண்ணுக்குத் தெரியாத காயிலையும், அதாவது கம்பிச் சுருளையும், கணக்குப் போட்டுப் பிடித்துவிடலாம். இரண்டும் தெரிந்தால் ரெசிஸ்டர் தானாக வந்து விழும். எனக்கு இந்த முறை அவ்வளவு பிடித்துப் போயிற்று. ஆடுகிறவனை அடிக்காமல், அவனை இன்னும் கொஞ்சம் ஆடவிட்டு, அவன் வாயாலேயே ரகசியத்தை வாங்குகிற மாதிரி.

முதலில் மிஷினைப் பலகையில் ஆணியடித்துப் பரப்பி வைத்து ஓட்டினோம். பார்க்கக் குப்பையாக இருக்கும். வயர்கள் குறுக்கும் நெடுக்கும், கைக்கு எட்டிய நீளத்தில். நான் அளந்து, கணக்குப் போட்டு, ஸ்னப்பரை டிரான்சிஸ்டர் காலிலேயே பற்றவைத்தேன். திரையில் கூர் சுருங்கிச் சின்ன மேடாகிவிட்டது. முழு வோல்டேஜ், முழு லோடு, அதாவது இன்னொரு பலகை முழுக்கப் பல்புகள். அறை கோயில் திருவிழா மாதிரி ஜொலித்தது. நாள் முழுக்க ஓடியும் ஒன்றும் ஆகவில்லை. சார் திரையைப் பார்த்துவிட்டுக் குட்டையாக ஒரு அப்படியா சொன்னார். நான் அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்து அதையே மிஷினுக்கான ஆள் உயர அலமாரிக்குள் மாற்ற வேண்டும். வயரிங் பிரிவின் ராணி தேசம்மாக்கா. பாரிவாக்கத்துக்காரர், பெரிய சரீரம், இன்னும் பெரிய மனசு. வயர்களைக் கற்றையாகச் சேர்த்து மெழுகு நூலால் அவர் கட்டுகிற கட்டு எஸ்டேட்டிலேயே பேர் போனது. பூ கட்டுகிற முடிச்சு அது. வீட்டில் முல்லை கட்டுகிற அதே விரல், அதே வேகம், இடைவெளி ஒரு இழை தப்பாது. வயர் திரும்புகிற இடமெல்லாம் மூலைமட்டம் வைத்த மாதிரி இருக்கும். வாடிக்கையாளர் யார் வந்தாலும் முதலாளி கதவைத் திறந்து உள்ளே காட்டிவிட்டுத்தான் விலையைச் சொல்வார்.

என் கல்யாணப் பேச்சும் பர்மனென்ட் பேச்சும் தேசம்மாக்காவுக்குத் தெரியும். "உன் மிஷினு விஜி இது. எப்டிக் கட்டறேன் பாரு. பேங்குக்காரன் தொறந்து பாத்தான்னா மூடவே மன்சு வரக்கூடாது," என்று சொல்லி, மற்ற வேலைகளை எல்லாம் தள்ளி வைத்துவிட்டுக் கட்டினார். நிஜமாகவே மனசு வரவில்லை. சிவப்பு வயர்கள் அலமாரியின் இடது ஓரமாக இறங்கி, கறுப்பு வயர்கள் வலது ஓரமாக ஏறி, நடுவில் ஒரு வயர் கிடையாது. ஸ்னப்பர்களைத் தனியாக ஒரு பட்டையில் வரிசையாக உட்கார வைத்திருந்தார். எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தேசம்மாக்கா கற்பூரம் காட்ட, பீரோவுக்குப் பின்னால் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நிற்க, நான் ஸ்விட்சைப் போட்டேன்.

படார்.

புகை மெல்ல அடங்கியது. பிறகு தேசம்மாக்கா, "கற்பூரம் அணையறதுக்குள்ள போட்டுட்டியா இன்னா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நான் சிரிக்க, பின்னால் நின்றவர்கள் சிரிக்க, சார்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். டிரான்சிஸ்டர்களை மாற்றினோம். மறுபடி படார். மூன்றாம் தடவை போடும் முன் அலமாரிக்குள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தது. யார் வேலை என்று கேட்கத் தேவையில்லை. அந்தத் தடவை மிளகாயும் சேர்ந்து கருகி, அறை முழுக்கத் தும்மல். தும்மிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வெளியே ஓடியபோதுதான் எனக்குச் சட்டென்று அழுகை வந்தது. வெளிநாட்டு டிரான்சிஸ்டர், கடையில் போய்க் கேட்டால் கிடைக்கிற சாமான் இல்லை. கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அது தீர்ந்தால் வேலப்பன்சாவடியில் அடுப்படிதான்.

"இனி முழு வோல்டேஜ் வேண்டாம்," என்றார் சார். "மறுபடி அளந்து பார்."

குறைந்த வோல்டேஜில் ஓட்டி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு முதலிலிருந்து அளந்தேன். ஒளிந்திருந்த கெபாசிட்டர் பலகையில் இருந்த அதே அளவுதான். ஆனால் ஒளிந்திருந்த காயில் பல மடங்கு பெருத்திருந்தது. கணக்கில் தப்போ என்று மறுபடி போட்டேன். அதே விடைதான்.

"சார், பலகையில இல்லாத ஒரு காயில் இதுக்குள்ள இருக்கு," என்றேன்.

"அப்படியா?" என்று நீட்டினார். கண்ணாடி மட்டும் கழறவில்லை.

அன்றைக்கு முழுக்க அந்தக் காயிலைத் தேடினோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வளர்ந்த மனுஷர்கள் டார்ச் அடித்துக்கொண்டு அலமாரிக்குள் தலையை விட்டுக் காயில் தேடினோம். டிரான்ஸ்பார்மர் அதே டிரான்ஸ்பார்மர். புதிதாக ஒன்றும் இல்லை. முதலாளி வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார், காயில் என்றோம், யார் வைத்தது என்றார், தெரியவில்லை என்றோம். அவர் திரும்பிப் போய்விட்டார். தேசம்மாக்காவுக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது.

"எம் மேல சந்தேகப்படறியா விஜி? என் புள்ள மேல சத்தியமா நான் எந்தக் காயிலும் சுத்தல. ஒயரு கட்னேன், அவ்ளோதான்."

"உங்களச் சொல்லலக்கா."

"பின்ன இத்த யாரு பண்ணிகினு போனாங்க? பேயா?"

சொல்லிக்கொண்டே, தேடுகிற அமளியில் கலைந்திருந்த ஒரு சிவப்பு வயர்க் கற்றையை மரஸ்கேலால் தள்ளி ஒழுங்கு பண்ணினார். அவருக்குக் கலைந்த வயரைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. நான் மிஷினை மறுபடி குறைந்த வோல்டேஜில் ஓட்டிவிட்டுத் திரையில் கண் வைத்திருந்தேன். உயரமாக நின்ற கூர் சட்டென்று ஒரு விரற்கடை குனிந்தது. பிறகு பழையபடி நிமிர்ந்தது.

"அக்கா, இப்ப இன்னா பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்லயே."

"ஸ்கேலால ஒயரத் தள்ளினீங்களே, அத்த மறுபடி பண்ணுங்க."

சிவப்புக் கற்றையைக் கறுப்புக் கற்றை பக்கமாகத் தள்ளினார். கூர் குனிந்தது. விட்டார், நிமிர்ந்தது. தள்ளினார், குனிந்தது. எங்களுக்குக் குஷி தாங்கவில்லை. தேசம்மாக்கா கையை அசைக்க அசைக்க, திரையில் அந்த அலை பாம்பாட்டிக்கு முன்னால் பாம்பு ஆடுகிற மாதிரி ஆடியது. அவர் எட்டிப் பார்த்து, "அய்யே, நான் சொல்றதக் கேக்குது பாரேன்," என்று சொல்ல, நான் ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த சார் ஸ்கேலை வாங்கித் தானே தள்ளிப் பார்த்தார். மறுபடி, மறுபடி. அப்புறம் அவர் வாயிலிருந்து வந்த அப்படியா இதற்கு முன் நான் கேட்காத ஒன்று. அதில் பாதி சிரிப்பு.

கரண்ட் சிவப்பு வயரில் இடது ஓரமாக இறங்கிப் போகிறது, கறுப்பு வயரில் வலது ஓரமாக ஏறித் திரும்பி வருகிறது. நடுவில் அலமாரி அகலத்துக்குக் காலி இடம். அதுதான் காயில். ஒரே ஒரு சுற்று, ஆள் உயரத்தில். கற்றைகளை நெருக்கினால் அந்தச் சுற்று சிறுக்கிறது, கூர் குனிகிறது. நாங்கள் டார்ச் அடித்துக்கொண்டு அந்தக் காயிலுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டுதான் காயிலைத் தேடியிருக்கிறோம். ஸ்னப்பரையும் அழகாகத் தள்ளி உட்கார வைத்ததால், தட்டு ஒரு பக்கம் அதிர, கை வேறு பக்கம் இருந்தது.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. வயரை முடிந்தவரை குட்டையாக வெட்டு. சிவப்பையும் கறுப்பையும் சேர்த்து முறுக்கு. ஸ்னப்பரைத் திரும்பக் கொண்டுபோய் டிரான்சிஸ்டர் காலிலேயே பற்றவை. ஆனால் தேசம்மாக்கா தன் கட்டுகளைத் தானே கத்தரிக்கோலால் வெட்டியபோது எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அயகா கட்னதுதான் தப்பாப் பூட்ச்சா?" என்று கேட்டார். எனக்காகக் கட்டியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "உடு உடு. சட பின்ன எனுக்குத் தெரியாதா இன்னா," என்று சொல்லி முறுக்க உட்கார்ந்துவிட்டார். அவர் முறுக்கிய பிறகு முழு வோல்டேஜில் போட்டோம். பல்புகள் அசையாமல் எரிந்தன. உள்ளே பார்த்தால் மட்டும் பன்றி புகுந்த தோட்டம் மாதிரி இருந்தது.

வங்கியின் இன்ஜினியர் வந்த அன்று காலையிலிருந்தே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாத மனுஷர். மீட்டரைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார், மெயின் கரண்டை நிறுத்திப் பார்த்தார். பல்பு சிமிட்டக்கூட இல்லை. "குட்," என்றார். எனக்குக் காது வரை சிரிப்பு. அப்புறம் கதவைத் திறக்கச் சொன்னார்.

"என்ன இது, முறுக்குப் பிழிஞ்சு வெச்ச மாதிரி இருக்கு?"

சார் திரையைக் காட்டி விளக்கினார். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் தலையை ஆட்டவில்லை. "நீங்க சொல்றது சரியா இருக்கலாம் சார். ஆனா டெண்டர்ல உள் வயரிங் ஒழுங்கா கட்டியிருக்கணும்னு இருக்கு. உங்க பழைய சார்ஜர்ல எவ்வளவு நல்லா கட்டியிருந்தாங்க, நான் பார்த்திருக்கேன். அதே மாதிரி கட்டி ஓட்டிக் காட்டுங்க. இல்லன்னா நான் கையெழுத்துப் போட முடியாது."

முதலாளி எங்களைப் பார்த்தார், நாங்கள் சாரைப் பார்த்தோம். சார் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் அந்த அப்படியாவைச் சொல்லாமல் திரும்ப மாட்டிக்கொண்டார். "செஞ்சுடுங்க," என்றார் முதலாளி மெதுவாக.

தேசம்மாக்கா கட்டினார். அவரால் அசிங்கமாகக் கட்ட முடியாது. பழையபடி மூலைமட்டம், பழையபடி பூ முடிச்சு. இன்ஜினியர் பக்கத்தில் நின்று ரசித்துக்கொண்டிருந்தார். எங்களிடம் மிச்சம் இருந்தது மிஷினில் இருந்த டிரான்சிஸ்டர்களும், சார் தன் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்த இன்னொரு செட்டும்தான். வெடித்தால் மிஷின் மோசம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவாரே என்று எனக்குப் பயம். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை, ஸ்விட்சைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவரிடமே கேட்டேன்.

"சார், இது இப்ப வெடிக்கும். வெடிச்சா மிஷின் சரியில்லன்னு எழுதுவீங்களா, கட்டினது சரியில்லன்னு எழுதுவீங்களா? முன்னாடியே சொல்லிடுங்க சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்ல வெடிக்கட்டும்மா," என்றார்.

சரி என்று நான் பீரோவுக்குப் பின்னால் போனேன். சார் வந்தார். தேசம்மாக்கா வந்தார், வயரிங் பிரிவு முழுக்க வந்தது, முதலாளியும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து ஒண்டிக்கொண்டார். இன்ஜினியர் மட்டும் அந்த அழகான மிஷினுக்கு முன்னால் தனியாக நின்றார். "எல்லாரும் எங்க போயிட்டீங்க?" என்று கேட்டார்.

"நாங்க இங்கதான் நிப்போம் சார். அழகா கட்டினா இங்கதான் நிப்போம்," என்றேன்.

அவர் மிஷினைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். பிறகு, யாரும் கூப்பிடாமலே, செருப்பில்லாத காலோடு குடுகுடுவென்று வந்து எனக்கும் தேசம்மாக்காவுக்கும் நடுவில் புகுந்துகொண்டார்.

ஸ்விட்சைப் போட்டேன். முதல் வரிசைப் பல்புகள் எரிந்தன. வெடிக்கவில்லை.

காத்திருந்தோம். மிஷின் சமர்த்தாக ஓடியது. "எங்கம்மா வெடி?" என்றார் அவர் என் காதருகில். என் வாழ்க்கையில் ஒரு மிஷின் வெடிக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். இரண்டாவது வரிசையைப் போட்டேன். ஓடியது. தேசம்மாக்கா, "எங் கட்டு அவ்ளோ மோசமில்ல போல கீதே," என்று முணுமுணுத்தார், குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூன்றாவது வரிசையைப் போட்டேன்.

படார் என்று போட்டது பாருங்கள், பீரோவே அதிர்ந்தது. பல்புகள் அணைந்தன. புகை எங்கள் தலைக்கு மேல் நிதானமாக வந்து நின்றது. அந்தப் புகையில் முதலில் கேட்டது ஒரு சிரிப்பு, என்னுடையது இல்லை. இஸ்திரிச் சட்டைக்காரர் பீரோவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், நாங்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டோம். முதலாளி சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அந்த முறுக்கையே பிழிஞ்சு வைங்கம்மா," என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "நான் டீ குடிச்சுட்டு வரேன்."

சார் டிராயரைத் திறந்தார். தேசம்மாக்கா பின்னினார். நான் பற்றவைத்தேன். மாலை வரை எல்லா வரிசைப் பல்பும் எரிந்தது, சார் திரை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜினியர் தன் அறிக்கையில் எழுதியதை முதலாளி உரக்கப் படித்துக் காட்டினார்: உள் வயர்கள் அழகாகக் கட்டப்படவில்லை, அழகாகக் கட்டவும் கூடாது. படித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நாளைக்கு வந்து பர்மனென்ட் ஆர்டரை வாங்கிக்க," என்றார்.

கள்ளிக்குப்பத்துக்கு பஸ்ஸில் வந்தேனா பறந்து வந்தேனா தெரியாது. நைனா வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா விஜி, பேங்குக்காரன் வந்தானா? வெடிக்காம ஓடுச்சா?"

"வெடிச்சிது நைனா."

பம்பை அப்படியே விட்டுவிட்டார். முகம் தொங்கிப் போயிற்று. "சரி உடு. ஊட்டோட இருந்தா ஒண்ணும் கொறஞ்சிடாது," என்றார், என்னைப் பார்க்காமல்.

"வெடிச்சதாலதான் நைனா பர்மனென்ட் பண்ணிட்டாங்க."

நான் எவ்வளவோ விளக்கினேன். சிவப்பு வயர், கறுப்பு வயர், ஆள் உயரக் காயில், எவர்சில்வர் தட்டு எல்லாம் சொன்னேன். அவர் காதில் விழுந்தது கடைசிச் சொல் ஒன்றுதான். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு வேலப்பன்சாவடிக்குக் கிளம்பிவிட்டார். அங்கே அவர் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும். "எம் பொண்ணு பேங்கு ஆபீசரு எதுர்லயே மிஷின வெடிக்க வெச்சிது. அத்தப் பாத்துட்டுத்தான் பர்மனென்ட் ஆக்கிட்டாங்க. அதும் கிட்ட பேசி ஜெயிக்க முடியாது."

கல்யாணம் ஆகிப் போன முதல் வருஷம் முழுக்க என் மாமியார் மிக்ஸி ஸ்விட்சைக்கூட என்னைத் தொட விடவில்லை. நான் சமையலறைக்குள் நுழைந்தால் அவர் கிரைண்டரை அணைத்துவிட்டு நகர்ந்து நின்றுகொள்வார். வேலைக்குப் போகாதே என்று மட்டும் அந்த வீட்டில் ஒருவர்கூட, ஒரு நாள்கூட, என்னிடம் சொன்னதில்லை.